கண் களிம்பு டப்பியில் ஒரு விரல் தடம்

என் இடது கண் இப்போது நன்றாக இருக்கிறது. வெயிலில் கொஞ்சம் கூசும், அவ்வளவுதான். ஈப்போவில் நாங்கள் இருக்கும் புந்தோங்கில் கண் வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிற பெண்கள் என்னைத் தேடி வருவதுண்டு. அங்கே என்ன செய்வார்கள், கத்தி வைப்பார்களா, அந்தக் களிம்பு கண்ணை அவித்துவிடும் என்கிறார்களே மெய்தானா என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் பாதியில் நிறுத்திவிடுவேன். மீதிப் பாதி என் நாத்தனார் ஞானம்மாளைப் பற்றியது. எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதிக்கோ. என்னை நல்லவளாக்கியும் எழுதாத, கெட்டவளாக்கியும் எழுதாத" என்றாள்.

நான் தையல்காரி, பெயர் ரோசம்மாள். கோலா கங்சார் பக்கத்துக் கித்தா, அதாவது ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். பாதிரியார் நடத்திய பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றேன். சவரிமுத்துவைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தேன். அவருக்கு ரயில் பட்டறையில் வேலை. எனக்குக் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்று இருந்தது. பிள்ளை இல்லை. அவருடைய அக்கா ஞானம்மாள், புருஷன் குளிர்காய்ச்சலில் செத்த பிறகு தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டியவள். நான் மதினி என்று கூப்பிடுவேன். அடுப்பும் அரிசிப் பானையும் வீட்டுச் சாவியும் அவள் கையில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் அவள் வேறொரு அம்மாளிடம் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. பாகான் டத்தோவில் தென்னந்தோட்டத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாளாம், நல்ல குடும்பமாம், வயசும் ஏற்ற வயசாம். யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் கொடுக்கும் காப்பியைக்கூட ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

அப்போதுதான் கண் வலி வந்தது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புகள் தைத்துக்கொண்டிருந்தேன். காலையில் இடது கண் சிவந்திருந்தது. சாதாரணக் கண் வலியில் பீளை தள்ளும், கண் ஒட்டிக்கொள்ளும். இதில் பீளை இல்லை. கருமணியைச் சுற்றி மட்டும் ஊதா கலந்த சிவப்பு. புருவத்துக்கு மேலே குடைகிற வலி. விளக்கைப் பார்த்தால் ஊசி குத்துவதுபோல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி தாய்ப்பால் விட்டாள். நந்தியாவட்டைப் பூவை ஒற்றிப் பார்த்தோம். பாசாரில், அதாவது சந்தையில், பல்பொடி விற்கிறவன் ஒரு மஞ்சள் களிம்பும் விற்பான். அதையும் வாங்கித் தடவினேன். கண் எரிந்து, வீக்கம் கன்னம் வரை இறங்கியது.

மதினிதான் ஆஸ்பத்திரி என்று முதலில் வாயெடுத்தாள். "போயிரு ரோசு. வீட்டை நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 'வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது. குருட்டுப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு தம்பி என்ன செய்வான் என்று நாளைக்கு ஊரில் கேட்பாளோ என்று நினைத்துக்கொண்டே துணிமூட்டை கட்டினேன்.

ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்தில் வேலை செய்யும் சீனர்கள், தோட்டத்திலிருந்து மாட்டு வண்டியில் வந்தவர்கள், காலில் கட்டுப் போட்டவர்கள், எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் காத்திருந்தோம். யாரை உள்ளே கூப்பிட்டாலும் வெளியே வரும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது என்று கவனித்தேன்.

வெள்ளைக்கார டாக்டர் என்னை இருட்டு அறைக்குக் கூட்டிப்போய் ஒரு விளக்கையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக் கண்ணைப் பார்த்தார். "சாக்கிட்?" என்று மலாயில் கேட்டார். வலிக்கிறது என்று தலையாட்டினேன். பிறகு அவர் டிரஸ்ஸரிடம் ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னார். டிரஸ்ஸர் என்றால் டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கொடுப்பவர். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமாகப் பேசுவார். அவர் எனக்கு விளக்கினார். கண்ணில் கறுப்பாகத் தெரிவது ஒரு துவாரம். அதைச் சுற்றியுள்ள பழுப்பு வளையம் ஒரு திரை. வெளிச்சத்துக்குச் சுருங்கும், இருட்டில் விரியும். எனக்கு அந்தத் திரை வீங்கியிருக்கிறது. அப்படியே விட்டால் பின்னாலிருக்கிற வில்லையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பார்வை போய்விடும். அட்ரோபின் என்ற மருந்தைக் களிம்பில் குழைத்துக் கண்ணுக்குள் வைப்பார்கள். திரை விரிந்து, ஒட்டாமல் ஒதுங்கி நிற்கும். வலியும் குறையும்.

டாக்டர் பேசியது நீளமாக இருந்தது, இவர் சொன்னது சுருக்கமாக இருந்தது. எதையோ விழுங்குகிறார் என்று எனக்குப் பட்டது.

பட்டது சரிதான். மறுநாள் ரத்தம் எடுத்தார்கள். கண்ணுக்கு ரத்தம் எதற்கு என்று கேட்டேன். டிரஸ்ஸர் கொஞ்சம் தயங்கி, என் வீட்டுக்காரருக்கு வெளியே பழக்கம் ஏதும் உண்டா, அந்த மாதிரி நோய் ஏதும் வந்ததுண்டா என்று கேட்டார். சில பேருக்கு அதனாலேயே இந்தக் கண் நோய் வருமாம். எனக்கு முகம் எரிந்தது. சவரிமுத்து அன்று மாலை ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்து என் கட்டிலருகே உட்கார்ந்தார். நான் அந்தப் பழத்தைத் தொடவில்லை. அவருடைய சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனையில் ஒன்றும் இல்லை என்று தெரியும்வரை அவரிடம் சரியாகப் பேசவில்லை. ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

அதற்கப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு சொத்தைப் பல்லைப் பிடுங்கினார்கள். பல்லின் சீழும் கண்ணைப் பாதிக்கும் என்றார்கள். கண்ணுக்கு வந்தவளின் ரத்தத்தையும் பல்லையும் எடுக்கிறார்களே, இவர்களுக்கு உண்மையிலேயே என்ன நோய் என்று தெரியுமா என்று வார்டில் இருந்த எல்லாப் பெண்களிடமும் கேட்டேன்.

ஆனால் எல்லாவற்றையும்விட அந்தக் களிம்பைத்தான் நான் நம்பவில்லை. மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, கண்ணாடிக் குச்சியின் நுனியில் அரிசி அளவுக்கு எடுத்துக் கீழ் இமைக்குள் வைப்பார். வைத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கண்ணுக்கு முன்னால் மூட்டம் போட்டதுபோல் ஆகிவிடும். தொண்டை வறளும். வலி குறைந்தது உண்மை. ஆனால் பார்வை நாளுக்கு நாள் மோசமாயிற்று. வரும்போது என் உள்ளங்கை ரேகை தெரிந்தது, இப்போது விரல்கள்கூடத் தெளிவாக இல்லை. பக்கத்துக் கட்டில் சீன அம்மாளிடம் கைக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன். இடது கண்ணில் பழுப்பு வளையமே காணோம். முழுக்கக் கறுப்பாக, ஏதோ செத்த மீனின் கண்போல இருந்தது.

அடுத்த முறை மிஸ்ஸி வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். கோபப்படவில்லை. குச்சியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏன் பிள்ளை, என்ன பயம்?"

"நீங்க மருந்து வைக்க வைக்கத்தான் கண்ணு போவுது மிஸ்ஸி."

"கிட்டத்துப் பார்வை மங்கும். திரை விரிஞ்சு நிக்குதல்லோ, அதாலதான். மருந்தை நிப்பாட்டினால் கொஞ்ச நாளில அது திரும்பி வந்திடும். மருந்து வைக்காமல் விட்டுப் போற பார்வைதான் திரும்பாது."

அந்தக் குச்சியை எத்தனை பேர் கண்ணில் விட்டீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டேன். அவர் என்னைக் கைப்பிடித்து வார்டின் கடைசியில் இருந்த அறைக்கு அழைத்துப்போனார். சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளே குச்சிகள் கிடந்தன. ஆளுக்கு ஒரு குச்சி, ஒரு டப்பி. டப்பிமேல் பெயர் ஒட்டியிருந்தது. கண்ணைத் தொட்ட குச்சியை மறுபடி டப்பிக்குள் விடக்கூடாது என்பது அங்கே சட்டம். என் பெயரை நானே வாசித்துப் பார்த்தேன்.

அதன் பிறகு நானே மருந்து வைக்கக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டேன். மிஸ்ஸி சிரித்துவிட்டுக் கற்றுக்கொடுத்தார். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டு, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் ஒரு சின்னப் பை மாதிரி வரும். களிம்பை அந்தப் பைக்குள் வைக்க வேண்டும், கருமணிமேல் அல்ல. குச்சி இமை மயிரில் படக்கூடாது. பிறகு கண்ணை மூடி, கசக்காமல், உள்ளே உருட்ட வேண்டும். மூக்கை ஒட்டிய கண்முனையை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்காது, வாய் வறளாது. வெளியே வழிந்ததைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். அதிகமாக வைத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்கக் கூடாது. அதிகமாக வைப்பது வீண், கெடுதலும்கூட. மூட்டம் தெளியும்வரை அடுப்பண்டை போகக்கூடாது.

மதினி தினமும் கோழி ரசம் கொண்டுவந்தாள். அவளுக்கு வழி நெடுகிலும் வெயில். நான் வயிறு சரியில்லை என்று சொல்லிப் பாதியைச் சீன அம்மாளுக்குக் கொடுத்துவிடுவேன். அந்த அம்மாள் நன்றாகத்தான் இருந்தாள் என்பதையும் கவனித்துக்கொண்டேன். மதினி ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் முகத்தை நேராகப் பார்க்காமல், எப்போதும் களிம்பைப் பற்றியே விசாரிப்பாள். எத்தனை தடவை வைக்கிறார்கள், எரிகிறதா, அதை வைத்தால் போன பார்வை வருமா என்று. நான் குருடியாவேனா மாட்டேனா என்று கணக்குப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். "வரும்னு சொல்றாங்க" என்று வேண்டுமென்றே அழுத்திச் சொன்னேன்.

வீக்கம் வடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிரஸ்ஸர் ஒரு சின்னப் பீங்கான் டப்பியில் களிம்பும், ஒரு கண்ணாடிக் குச்சியும் கொடுத்தார். இன்னும் சில வாரம் வைக்க வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது, இது உமக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

டப்பியை மெஷின் பக்கத்துப் பலகையில் வைத்திருந்தேன். ஒரு நாள் காலை மூடியைத் திறந்தால் களிம்பின் நடுவில் ஒரு பள்ளம். விரல் வழித்த பள்ளம். நான் குச்சியைத் தவிர வேறு எதையும் அதற்குள் விட்டதில்லை.

கணவரிடம் காட்டினேன். எலி நக்கியிருக்கும் என்றார். எலி மூடியைத் திறந்து நக்கிவிட்டு மறுபடி மூடி வைக்குமா என்றேன். அப்படியானால் யார் என்று கேட்டார். வீட்டில் நாம் மூன்று பேர்தானே என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்கா உனக்காக எத்தனை நாள் வெயிலில் நடந்தாள் தெரியுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் டப்பியை மெஷின் பெட்டிக்குள், துணிக்கு அடியில் ஒளித்தேன். இரண்டொரு நாளில் மறுபடியும் பள்ளம் விழுந்திருந்தது.

அந்த நாட்களில் மதினியும் ஒரு மாதிரியாக இருந்தாள். முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, சாயங்காலமானால் தலைவலி என்று மூலையில் சுருண்டுகொள்வாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எதையோ கலந்திருக்கிறாள், அதனால்தான் முகம் பார்க்க முடியவில்லை என்று முடிவு செய்தேன். களிம்பு வைப்பதை நிறுத்தினேன். அடுத்த நாளே புருவத்து வலி திரும்பியது. களிம்பை வைத்தால் விஷமோ என்ற பயம், வைக்காவிட்டால் கண் ஒட்டிப்போகுமே என்ற பயம். யாரிடமும் சொல்லாமல் டப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டிரஸ்ஸர் டப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துப் பார்த்தார்.

"ஒண்டும் கலக்கேல்லை. ஆனா ஆரோ விரலை விட்டு எடுத்திருக்கினம். இதை எறிஞ்சுபோட்டுப் புதுசு தாறன்" என்றார். பிறகு, "வீட்டில வேற ஆருக்குக் கண் சரியில்லை?" என்று கேட்டார்.

யாருக்கும் இல்லை என்றேன்.

"வயசான ஆக்கள்? விளக்கைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுது எண்டு ஆரும் சொன்னதுண்டோ? பின்னேரத்தில தலையிடி?"

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கோயில் மெழுகுவர்த்திகளைச் சுற்றி நிறம் நிறமாக வட்டம் இருக்கிறதே, அது எல்லாருக்கும் தெரியுமா என்று மதினி ஒரு முறை என்னிடம் கேட்டிருந்தாள். நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அதைச் சொன்னதும் டிரஸ்ஸர் எழுந்தேவிட்டார். சில பேருடைய கண்ணுக்குள் நீர் வடிகிற வழி பிறவியிலேயே குறுகலாக இருக்குமாம், வயதானால் இன்னும் குறுகுமாம். அந்தக் கண்ணில் இந்தக் களிம்பை வைத்தால், விரிந்து ஒதுங்குகிற திரை அந்த வழியையே அடைத்துவிடும். நீர் வடியாமல் கண் கல்லாகிப் பார்வை ஒரேயடியாகப் போய்விடும். எனக்கு எது மருந்தோ அது அவளுக்கு நஞ்சு. உடனே போய்க் கூட்டி வாரும் என்றார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மதினி அடுப்படித் தரையில் கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். இரு கையாலும் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு முனகினாள். பக்கத்து வீட்டுக்காரி வாந்திபேதி என்று பயந்து வாசலிலேயே நின்றாள். நான் முக்காட்டை விலக்கினேன். வலது கண் ரத்தச் சிவப்பு. நடுவில் துவாரம் பெரிதாகத் திறந்து அசையாமல் நின்றது. மூடிய இமைமேல் விரலை வைத்துப் பார்த்தேன். கூழாங்கல் மாதிரி இருந்தது.

"மதினி, என் களிம்பை வச்சியா?"

முக்காட்டை மறுபடி இழுத்துவிடப் பார்த்தாள்.

"ஒனக்குச் சரியாச்சே. எனக்கும் ஆவும்னு பாத்தேன்" என்றாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

"கேட்டா குடுத்திருப்பியா?"

கொடுத்திருக்க மாட்டேன். எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்திருப்பேன். ரிக்‌ஷா பிடித்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் கையை நகம் பதியப் பிடித்தாள்.

துவாரத்தைச் சுருக்குகிற சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. டாக்டர் மறுநாள் காலையில் கத்தி வைத்தார். திரையின் ஓரத்தில் சிறிதாக ஒரு துண்டை வெட்டி எடுத்து நீருக்கு வழி விடுவது என்று டிரஸ்ஸர் விளக்கினார். வலி நின்றது. ஆனால் வலது கண்ணின் பார்வை திரும்பவில்லை. இடது கண்ணிலும் அதே கோளாறு தொடங்கியிருந்தது. அதற்கும் பிறகு கத்தி வைத்துக் காப்பாற்றினார்கள்.

இரண்டு கண்ணிலும் கட்டோடு அவள் படுத்திருந்த நாட்களில் நான்தான் கூட இருந்தேன். கஞ்சியை ஊட்டும்போது முதல் கரண்டியை உதட்டிலேயே நிறுத்தி முகர்ந்துவிட்டுத்தான் வாய் திறந்தாள். கண் கட்டியிருக்கிறவள் அப்படித்தான் செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிற்பகல், வார்டு முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது, அவளாகவே பேசினாள். பார்வை மங்கத் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். அரிசியில் கல் பொறுக்குவதுகூட விரல் தடவித்தானாம்.

"ஏன் மதினி சொல்லல?"

"தோட்டத்துல கண்ணு தெரியாதவளுக்கு வேலையில்ல, லயமும் இல்ல. இங்க என்ன, அடுப்பு வேலை செய்றேன், சோறு போடுறீங்க. அதுவும் முடியலேன்னா? நீ என்னை வச்சுக்குவியா?"

நான் இத்தனை நாள் கேட்காத கேள்வியைக் கேட்டேன். பாகான் டத்தோப் பெண் யாருக்கு என்று.

கட்டுக்குள்ளே அவள் கண் அசைந்தது தெரிந்தது. "தம்பிக்குத்தான். பேசுனேன். அவன் காதுல போட்டதுக்கே ஒரு வாரம் என்கூடப் பேசல. அதோட விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் பொய் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் தோன்றியது. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய் நின்றேன். தூரத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் இடது கண்ணுக்கு அவை முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. பிறகு உள்ளே போய் மீதிக் கஞ்சியை ஊட்டினேன். உன்னை வைத்துக்கொள்வேன் என்று நான் வாயால் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் சவரிமுத்து வந்தபோது, அக்கா வீட்டுக்கு வந்தால் ஜன்னலோரம் படுக்கை போட வேண்டும், என் மெஷினைக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள் என்று அவள் காதில் விழும்படி சொன்னேன்.

இப்போது வீட்டில் இரண்டு மருந்துகள் இருக்கின்றன. என் நோய் திரும்பி வரக்கூடியது என்பதால் களிம்பு டப்பி என் பெட்டியில் பூட்டியிருக்கும். மதினியின் சொட்டு மருந்து அவள் தலைமாட்டில். காலையும் மாலையும் நான்தான் விடுகிறேன். மருந்து மாறிவிட்டால் அவளுக்கு மிச்சமிருக்கிற கண்ணும் போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும்.

ஒவ்வொரு முறையும், அண்ணாந்து படுத்த பிறகு, அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள்.

"எது ரோசு?"

"ஒன்னோட சொட்டு மருந்து மதினி."

"பேரை வாசி."

சீசாவில் ஒட்டியிருப்பதை வாசிப்பேன். முகர்ந்து பார்ப்பாள். அப்புறம்தான் பிடியை விடுவாள். போன வாரம் எனக்கு வேலை அவசரம். இத்தனை நாளாகியும் என்மேல் நம்பிக்கை வரவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"வந்திருக்கு" என்றாள். "இருந்தாலும் வாசி."

வாசித்தேன். கண்ணைத் திறந்தாள்.